தெரிந்த முகமும் பழைய சரித்திரமும்

பழைய சரித்திர நாடகங்களைத் தொலைக்காட்சியிற் காண்போரிடத்து ஒரு வழக்கம் உண்டு. அரசன் அரியணையில் வீற்றிருப்பான். அமைச்சர் ஆலோசனை கூறுவர். போர் மூளுந் தறுவாயில் இருக்கும். அவ்வேளையிற் பார்ப்பவருள் ஒருவர், "அதோ, அந்தத் தளபதியைப் பாருங்கள்! இவரை வேறொரு படத்தில் வில்லனாகக் கண்டோமல்லவா?" என்று கூவுவார். உடனே ஏனையோர் போரை மறந்து அந்நடிகரின் பெயரை நினைவுகூர முயல்வர். பெயர் அகப்பட்ட பின்னரே போரிற் கருத்துச் செல்லும்.

இவ்வழக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று இகழ்வோர் பலர். சரித்திரத்திற் கருத்தூன்றுதலை இது கெடுக்கின்றது என்பது அவர்தங் கொள்கை. யாம் அவ்வாறு கருதவில்லை. தெரிந்த முகத்தைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. அதனினும் மேலாக, சரித்திர நாடகத்தைச் செவ்விய முறையிற் காண்பதற்கு அம்மகிழ்ச்சியே நல்லதொரு காவலுமாகும் என்பது எமது துணிபு.

இதற்கு எடுத்துக்காட்டாக, சியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' என்னுந் தொடரைக் கொள்வோம். அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் 1944-ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு எழுதி, 1946-இல் வெளிவந்த 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' என்னும் நூலைத் தழுவியது அத்தொடர். 1988-ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 53 பகுதிகளாக வெளிவந்தது. சிந்துவெளி நாகரிகந் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் விடுதலைப் போராட்டம் வரையில் நீண்ட காலப் பரப்பை அது தன்னகத்தே கொண்டது. நமது சிலப்பதிகாரக் கதைக்கும் சோழப் பேரரசுக்கும் அதில் இடம் உண்டு.

இத்துணைப் பெரிய காலப்பரப்புக்கு எத்தனை நடிகர் வேண்டும்! ஒவ்வொரு மன்னனுக்கும் புதியதொரு முகத்தைத் தேடப் புகுந்தால் முடிவு ஏது? ஆதலின் ஒரு நடிகரே பல வேடங்களைத் தாங்கி வந்தார். கதையை எடுத்துரைக்குங் குரலுக்குரியவரான ஓம் புரியே ஒரு பகுதியில் அசோகனாகவும், மற்றொன்றில் அலாவுதீன் கில்ஜியாகவும், பிறிதொன்றில் ஔரங்கசீப்பாகவும் தோன்றினார். இராமனாகவும் கண்ணனாகவும் வந்த சலீம் கௌஸ் பின்னர்த் திப்பு சுல்தானாகவும் வந்தார். குல்பூஷண் கர்பந்தா அக்பராகவும், நசீருதீன் ஷா சிவாஜியாகவும் வீற்றிருந்தனர். நேருவாக நடித்தவர் ரோஷன் சேத். இவரே 1982-இல் ரிச்சர்டு அட்டன்பரோ எடுத்த 'காந்தி' படத்திலும் நேருவாக நடித்தவர் என்பதைப் பலர் அறிவர்.

தமிழ்நாட்டார்க்கு இத்தொடரிற் சிறப்பானதொரு சுவை உண்டு. இந்தி உரையாடலைப் பின்பற்ற இயலாதார்க்கும் முகங்கள் புரிந்தன. சென்னையிற் பிறந்த சலீம் கௌஸ் 1989-இல் 'வெற்றி விழா'விலும், 1992-இல் 'சின்னக் கவுண்ட'ரிலும், 2009-இல் 'வேட்டைக்கார'னிலும் கொடியவராக வந்து நம்மை நடுங்கச் செய்தவர். அப்படங்களைக் கண்ட பின்னர் இத்தொடரைக் காண்பவர், அவரை இராமனாகக் கண்டு முதலில் திகைப்பர், பின்னர்ச் சிந்திப்பர். சிவாஜியாக வாளேந்திய நசீருதீன் ஷாவே 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹே ராம்' படத்திற் காந்தியடிகளாக வந்தார். வாளெடுத்த வீரருக்கும் வாள் வேண்டாவென்ற அடிகளுக்கும் ஒரு முகமே உதவிற்று!

பிற்காலத்தே பெரும்புகழ் எய்திய ஒருவரின் இளமை முகத்தைப் பழைய நாடகத்திற் கண்டெடுப்பது மற்றொரு சுவை. சந்திரபிரகாஷ் துவிவேதி எழுதி இயக்கி, தாமே தலைமை வேடமுந் தாங்கிய 'சாணக்கியா' தொடர் 1991-ஆம் ஆண்டிற் தொடங்கியது. அதிற் சேனாபதி பத்திரசாலனாக வருபவர் இர்பான் கான். அவரே 2012-இல் 'லைஃப் ஆஃப் பை' படத்திற் புதுச்சேரியிற் பிறந்த பை படேலாக உலகறிய நின்றவர். இவை கண்டு களித்தற்குரியனவே.

நிற்க. களிப்பு ஒருபுறமிருக்க, இதனால் விளையும் பயன் யாது என்பதே கேள்வி.

அசோகனையும் ஔரங்கசீப்பையும் பாடசாலையில் நாம் கற்கும் முறையை எண்ணிப் பார்க்க. ஒருவர் ஒளி, மற்றவர் இருள் என்று பிரித்து மனனஞ் செய்கின்றோம். திரையிலோ இருவருக்கும் ஒரே கண்கள்; ஒரே குரல். கலிங்கப் போருக்குப் பின் கலங்கி நின்ற முகமே, பெற்ற தந்தையை ஆக்ராக் கோட்டையிற் சிறைவைத்த மைந்தனது முகமாகவும் மாறுகின்றது. இதனைக் காணும்போது, சரித்திர புருஷர் தேவருமல்லர், அசுரருமல்லர். நம்போல் எலும்புந் தசையும் உடைய மனிதரே. அவரை வேறுபடுத்துவன அவர்தஞ் செயல்களே என்னும் உண்மை உள்ளத்திற் பதிகின்றது. பத்து ஏடுகள் படித்து அறியவேண்டியதை ஒரு முகம் சொல்லாமற் சொல்லிவிடுகின்றது.

இனி, இதற்கு மாறான நிலையைக் காண்போம். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடர் 1987-ஆம் ஆண்டு ஜனவரியிற் தொடங்கி 1988-ஆம் ஆண்டு ஜூலை வரையில் நடைபெற்றது. ஞாயிறு காலையில் நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி, தூபங் காட்டி அதனைக் கண்டோர் பலர். அங்கே பெரும்பாலும் ஒரு முகத்துக்கு ஒரு வேடமே. அம்முகங்கள் நாளடைவில் வேடத்தினின்றும் பிரிக்கவொண்ணாதனவாயின. சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 'மகாபாரத்' தொடரிற் கண்ணனாக வந்த நிதீஷ் பரத்வாஜ் 1996-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்தும், இராமனாக வந்த அருண் கோவில் 2024-இல் மீரட்டிலிருந்தும் அவ்வாறே மக்களவைக்குச் சென்றனர்.

நடிகர் தேர்தலில் நிற்றல் தவறென்று யாம் கூறவில்லை. அது குடிமக்கள் யாவர்க்கும் உள்ள உரிமை. வாக்களித்தோர் அனைவரும் வேடத்தைக் கண்டே வாக்களித்தனர் என்றுங் கூறோம். ஆயினும், அரியணையில் அமர்ந்தவரைக் கண்டு "இவர் இன்ன நடிகர்" என்று சொல்லும் வழக்கம் ஒழிந்து, "இவரே இராமர்" என்று சொல்லும் வழக்கம் வேரூன்றுமாயின், நாடகம் எங்கே முடிகின்றது, நாடு எங்கே தொடங்குகின்றது என்பது மயங்கிவிடும் அன்றோ? அம்மயக்கத்தை விலக்குவதே தெரிந்த முகத்தின் தொண்டு.

"அஃதேல், நடிகரை நடிகரென்று அறிந்தபின் நாடகத்திற் சுவை ஏது?" என்று வினவுவார் உளர். அவர்க்கு நமது தெருக்கூத்தே விடை கூறும். திரௌபதி வேடம் பூண்டவர் ஆடவர் என்பதை ஊரார் யாவரும் அறிவர். பகலில் அவரோடு வயலில் வேலை செய்தவர்களும் அக்கூட்டத்தில் இருப்பர். எனினும் துச்சாதனன் துகிலுரியுங் கட்டம் வந்தால், அவர்களே முதலிற் கண்ணீர் விடுவர். அறிதலும் உருகுதலும் ஓருள்ளத்தில் ஒருங்கே நிகழக்கூடும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அவ்வறிவு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மட்டும் நம்மைக் கைவிடுவானேன்?

"அக்காலத்துக் கோட்டைகள் மரப்பலகையாலும் வண்ணத்தாலும் ஆனவை, போர்க்களத்தில் ஐம்பது பேர்கூட இல்லை" என்று நகைப்பாரும் உளர். உண்மையே. இன்றோ கணிப்பொறியின் துணையால் ஆயிரம் யானைகளையும் பதினாயிரங் காலாட்களையும் திரையில் நிறுத்துகின்றனர். ஆனால் பலகைக் கோட்டை, தன்னைப் பலகையென்றே காட்டி நின்றது. அதனைக் கண்டு மெய்க்கோட்டையென்று ஏமாந்தார் இலர். அங்குக் கவனம் முழுதும் நடிகரின் முகத்திலும் சொல்லிலுமே தங்கியது. பகட்டு மிகுந்த காட்சி கண்ணை நிறைக்கின்றது. கேள்வி கேட்கும் உள்ளத்தையோ உறங்கச் செய்கின்றது.

இஃது அயலாரைப் பற்றிய பேச்சன்று. நம்மையும் இது தொடுகின்றது. கட்டபொம்மன் என்ற மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுபவர் யார்? 1959-ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த சிவாஜி கணேசனே. 1961-இற் 'கப்பலோட்டிய தமிழ'னில் வ. உ. சிதம்பரனாராகவும், 1973-இல் 'ராஜராஜ சோழ'னாகவும் வந்தவர் அவரே. சிதம்பரனாரின் புகைப்படம் நம்மிடம் உண்டு. ஆதலின் நடிகரையும் நாயகரையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். கட்டபொம்மனுக்கோ புகைப்படம் இல்லை. அங்கே நடிகரின் முகமே நாயகரின் முகமாக நிலைபெற்றுவிட்டது. "இவர் சிவாஜி கணேசன்" என்று சொல்லக் கற்றவனே, "அங்ஙனமாயின் கட்டபொம்மன் யார்?" என்று அடுத்துக் கேட்பான். முதற் கூற்றைச் சொல்லாதவனுக்கு இரண்டாவது கேள்வி பிறப்பதற்கு இடமே இல்லை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பெயரைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டால் அது வெறும் விடுகதை விளையாட்டே. நடிகரின் பெயரைச் சொன்னபின் மூன்று கேள்விகளையேனும் எழுப்புதல் வேண்டும். இந்நாடகம் எவர் எழுதிய நூலைத் தழுவியது? இதிற் காட்டப்பெறுவனவற்றுள் கல்வெட்டும் ஏடுஞ் சான்று பகர்வன எவை, கற்பனையாற் சேர்ந்தன எவை? இக்கதையில் இடம்பெறாது விடுபட்டவர் எவர்? 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் நேருவே அடிக்கடி தோன்றித் தமது நூலைச் சொல்லிச் செல்கின்றார். "இஃது ஒரு மனிதர் சிறையிலிருந்து கண்ட பாரதம், நீங்கள் காணும் பாரதம் வேறாகவும் இருக்கலாம்" என்று அவ்வமைப்பே பார்ப்பவர்க்கு உணர்த்துகின்றது. இத்தகைய நேர்மை சரித்திரஞ் சொல்லும் யாவர்க்கும் வேண்டற்பாலது.

மாணவ நண்பர்காள்! சரித்திரத்தின் பெயரால் நாள்தோறும் வழக்குகள் எழும் காலம் இது. எந்த மன்னன் நம்மவன், எவன் பகைவன் என்று திரையைக் காட்டிச் சண்டையிடுவோர் பெருகி வருகின்றனர். இந்நிலையில் விடுமுறை மாலைகளில் அப்பழைய தொடர்களை இணையத்திற் தேடிக் காணுங்கள். தெரிந்த முகம் வருகையில் நாணாது அவர் பெயரைக் கூவுங்கள். உடனிருக்கும் பெரியோர் இன்னும் பத்துப் பெயர்களைச் சொல்லி மகிழ்வர். ஓம் புரி 2017-லும், இர்பான் கான் 2020-லும், சலீம் கௌஸ் 2022-லும், சியாம் பெனகல் 2024-லும் மறைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற முகங்கள் இன்றும் நமக்குப் பாடஞ் சொல்லுகின்றன. மகுடத்தின் கீழ் இருப்பவர் ஒரு மனிதர் என்பதே அப்பாடம். அதனை நாடகத்திற் கற்றவர், நாட்டிலும் மறவார்.