கம்பார்ட்மென்ட் என்றால் ரயில் பெட்டி இல்லை



கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். மாங்கனித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இந்த வருஷமும் “என்ன மார்க்?” என்பதாகத்தான் இருக்கும். இந்த இதழின் நடுவில் நான்கு பக்க இணைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

நிரவியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி. தேர்வு முடிவு வந்த அன்று கைப்பேசியில் பையன் பெயருக்கு நேராக ஆங்கிலத்தில் ‘கம்பார்ட்மென்ட்’ என்று இருந்ததாம். ரயிலில் ஏறி உட்காரும் பெட்டியைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியார் ஒரு மூலையில் உட்கார்ந்து அழ, துபாயிலிருந்து கணவர் போனில் சத்தம் போட, பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மறுநாள் பக்கத்துத் தெரு டியூஷன் அக்காதான் விளக்கியிருக்கிறார்: ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் தவறியிருக்கிறது, அதற்கு மட்டும் துணைத்தேர்வு எழுதினால் போதும், வருஷம் வீணாகாது. “இதைத் தமிழில் ஒரு வரி போட்டிருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்கும்” என்று முடித்திருந்தார். அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே அடுத்த கடிதத்துக்குப் போக முடியவில்லை.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் படித்தபோது காரைக்காலில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். தமிழ்நாட்டு வாரியம் நடத்தும் அதே எஸ்.எஸ்.எல்.சி., அதே பிளஸ் டூ. 35 எடுத்தால் பாஸ். பெயிலானால் அட்டெம்ப்ட். அந்தச் சொற்களில் பாதி ஆங்கிலம்தான். ஆனாலும் ஊரே புழங்கிய ஆங்கிலம், எந்தப் பாட்டிக்கும் புரியும். 2023-24 கல்வியாண்டில் காரைக்காலையும் சேர்த்துப் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025இல் முதல் பொதுத்தேர்வும் முடிந்தது. பாஸ் மார்க் 33 ஆனது. பாடப் புத்தகத்தோடு பள்ளிக்கூடம் பேசும் பேச்சும் மாறிவிட்டது. புத்தகம் மாறுகிறது என்று எல்லோரும் பேசினோம். பேச்சு மாறுவதை யாரும் பெற்றோருக்குச் சொல்லவில்லை.

இப்படிப் பள்ளிப் பேச்சு மாறுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1739இல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்தது. பழைய குடும்பங்களின் தகரப் பெட்டியைத் திறந்தால் தாத்தாவின் பிரெஞ்சுப் பள்ளி ‘ப்ரெவே’ சான்றிதழ் கிடைக்கும். ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்து 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கையில் இந்தச் சான்றிதழ்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பக்கலோரெயா, ப்ரெவே எலமான்தேர் என்று பிரெஞ்சுப் பெயர்களை அப்படியே எழுதி, மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அவை செல்லும் என்று இந்திய அரசு ஒப்புக்கொண்டது. ஆட்சி கைமாறும்போது கச்சேரி, கஜானா, துறைமுகம் என்று ஆயிரம் விவகாரம் இருந்திருக்கும். அதற்கு நடுவிலும் யாரோ ஒரு மனிதர், படித்து முடித்த பிள்ளையின் தாள் வெறும் தாளாகிவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார். அவர் பெயர் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் போட்டிருப்பேன்.

ஆக, ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ப்ரெவே, அப்பாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி., மகனுக்கு கம்பார்ட்மென்ட். எல்லை தாண்டினால் இன்னும் வேடிக்கை. வாஞ்சூரைக் கடந்து நாகூர் போனால் அத்தை மகன் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘வளரறி மதிப்பீடு’ என்று படிக்கிறான். நம் பிள்ளை அதையே ‘ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்’ என்கிறான். வடக்கே பொறையாறு பக்கம் இருக்கும் சித்தி மகளுக்கும் வளரறி மதிப்பீடுதான். கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவர் மார்க்கை மற்றவர் புரிந்துகொள்ளாமலே பேசி முடித்துவிடுகிறார்கள். சில சமயம் அதுவும் நல்லதுக்குத்தான்.

இந்தக் கரையோரம் அகராதிக்குப் பேர்போன இடம். பக்கத்துத் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்துப் பழகினார். பிறகு ஆயிரக்கணக்கில் சொற்களைத் திரட்டினார். மூஸே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855லும் 1862லும் இரண்டு பாகங்களாகப் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சேறியது. சிறு வயதில் காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்ற ழூலியன் வின்சோன், பின்னாளில் பாரிசில் தமிழ்ப் பேராசிரியராகி 1903இல் தமிழ் கற்பதற்கு ஒரு கையேடே எழுதினார். பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்தப் பட்டியல்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர் நம்மைப் புரிந்துகொள்ளப் போட்டவை. நம் ஊர்ப் பள்ளி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அம்மா, உள்ளே இருப்பவர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு பட்டியல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் சொல் செய்யும் வேலை நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கி அதற்கென ஓர் இதழும் நடத்தினார்கள். பாரதியார் ஒரு கட்டுரையில் ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடி அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எதுவும் சரிவராமல், மெம்பர் என்றே எழுதிவிட்டதாகச் சொல்கிறார். அவரைத் திணறடித்த அந்தச் சொல் இன்று ‘உறுப்பினர்’. பெற்றோர் ஆசிரியர் கழகத்து நோட்டீசில் எல்லாப் பள்ளியிலும் ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்க யாரும் திணறுவதில்லை. ஆகவே ஒரு சொல் முதலில் கரடாகத் தெரிகிறதே என்று பயப்படத் தேவையில்லை. வகுப்பறையில் நாலு வாத்தியார் நாலு வருஷம் வாய் நிறையச் சொன்னால் அது பழகிவிடும். சொல்லாவிட்டால் எந்தக் குழு அங்கீகரித்தாலும் அச்சிட்ட தாளிலேயே தூங்கும்.

கடல் தாண்டிய தமிழர்கள் இதில் நமக்கு முன்னால் போகிறார்கள் என்றுகூடச் சொல்வேன். இலங்கையில் பள்ளிக்கூடத்துத் தலைவர் ‘அதிபர்’. ஏ லெவல் ‘உயர்தரம்’, ஓ லெவல் ‘சாதாரண தரம்’, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேர்வு ‘புலமைப்பரிசில்’. யாழ்ப்பாணத்துப் பாட்டி இவற்றை மேடைத் தமிழாகச் சொல்வதில்லை, சந்தைக்குப் போகும் வழியில் சொல்கிறார். நாம் முனைவர் என்பவரை அவர்கள் கலாநிதி என்பார்கள். சிங்கப்பூரில் ‘தொடக்கக் கல்லூரி’, மலேசியாவில் ‘படிவம் ஐந்து’. நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்ற வரிசையைப் பாருங்கள். முதல்முறை கேட்கிறவருக்கே எது முன், எது பின் என்று தெரிந்துவிடும்.

உலகின் வடகோடியில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 4 லட்சம், நம் காரைக்கால் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவே. அவர்கள் பள்ளிக்கு வைத்த பெயர்களும் இதே வரிசைதான். பள்ளி ‘ஸ்கோலி’. குட்டிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பள்ளி, அதாவது லெய்க்ஸ்கோலி. ஆறு வயது முதல் பதினாறு வரை அடிப்படைப் பள்ளி. பிறகு தொடர்பள்ளி. பல்கலைக்கழகம் அவர்களுக்கு உயர்பள்ளி, ஹௌஸ்கோலி. கணினி, தொலைபேசி என்று புதிது எது வந்தாலும் பழைய வேரிலிருந்து ஒரு சொல்லைக் கிளப்பிவிடுகிறார்கள். மின்பொறியாளர்கள் 1941இலேயே சொல்லுக்கென்று தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். எட்டு கோடிப் பேர் நாம் ‘வாயில் நுழையாது’ என்று சாக்குச் சொல்வதை அங்கே யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, இணைப்புக்கு வருகிறேன். எங்கள் உதவி ஆசிரியர் முதலில் கொண்டுவந்த பட்டியல் இரண்டு பத்தி: இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நிரவி அம்மாவுக்கு அது போதாது. ‘போர்ட்ஃபோலியோ’ என்பதற்கு ‘படைப்புத் தொகுப்பு’ என்று போட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? அதனால் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தோம்: “நீங்கள் கேட்கலாம்.”

ஒரு வரியை இங்கேயே காட்டிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் பள்ளியே போடுவது. இதுதான் ‘இன்டர்னல் அசெஸ்மென்ட்’, அகமதிப்பீடு. அந்த 20இல் 5, போர்ட்ஃபோலியோவுக்கு. வருஷம் முழுக்கப் பிள்ளை செய்த வகுப்பு வேலை, வீட்டுப்பாடம், வரைந்த படம் எல்லாம் சேர்ந்த கட்டுதான் அது. ஆக, பழைய நோட்டை ஆகஸ்டிலேயே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது பத்தியில் இருப்பது: “என் பிள்ளையின் தொகுப்பை நான் பார்க்கலாமா? இதுவரை அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?” அவ்வளவுதான். இந்த இரண்டு கேள்வியையும் தமிழிலேயே கேட்கலாம். கேட்பதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

இதே மாதிரிதான் பீரியாடிக் டெஸ்ட், ரெமீடியல் கிளாஸ், போனஃபைடு, டி.சி. எல்லாம். டி.சி.யை ‘மாற்றுச் சான்றிதழ்’ என்று போட்டாலும் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். டி.சி. டி.சி.யாகவே இருக்கட்டும். ஊரில் வேர் பிடித்த சொல்லைப் பிடுங்கிப் போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. புரியாத சொல்லுக்கு மட்டும்தான் இந்தப் பட்டியல். இதில் தமிழாசிரியர்கள் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் வரலாம். வரட்டும், எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையில் புரியாத சொல் இருந்தால் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அவை தேவையில்லை. இரண்டாவது, வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், பிரெஞ்சுக்காலப் பள்ளியில் வாத்தியாரை, பரீட்சையை, தண்டனையை என்னென்ன பெயரில் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். உச்சரிப்பு எப்படி வருகிறதோ அப்படியே தமிழில் எழுதினால் போதும், பிரெஞ்சு எழுத்துத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நடுப்பக்கத்துப் பின்னைக் கழற்றினால் இணைப்பு தனியாக வந்துவிடும். நிரவி வாசகிக்கு ஒரு பிரதி தபாலில் போயிருக்கிறது. பையன் துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறானாம், கணக்கு மட்டும்தான் பாக்கி.

அன்புடன்,
ஆசிரியர்