மதிப்பெண் குறைந்தால் வழி குறைந்துவிடுமா?

ஏப்ரல் மாதத்தில் பி.யூ.சி. முடிவு வருகிறது. அடுத்து எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வருகிறது. பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இனிப்பு வழங்கும் வீட்டைப் பற்றிப் படத்தோடு செய்தி வருகிறது. கதவைச் சாத்திய வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் தோற்ற பிள்ளை அல்ல. தேறிய பிள்ளைதான். தொண்ணூறு வரும் என்று வீடு நினைத்தது; அறுபத்திரண்டு வந்தது. அவ்வளவுதான் குற்றம்.

சென்ற ஆண்டு பி.யூ.சி. முடிவு வந்த மூன்றாம் நாள், நமது டிக்கெட் கவுண்டருக்கு ஒரு தகப்பனார் வந்தார். கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் காலைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் "ஸீட்" போய்விடும் என்று ஓர் ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். பின்னால் பையன் நின்றுகொண்டிருந்தான். "என்ன படிப்பு, தம்பி?" என்று கேட்டோம். "அப்பாவுக்குத்தான் தெரியும், சார்" என்றான்.

அந்தப் பதில் நம் மனத்தை விட்டு அகலவில்லை. நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கப் போகிறவனுக்கு என்ன படிக்கப் போகிறோம் என்று தெரியவில்லை. பணம் கட்டப் போகிறவருக்கும் ஏஜென்ட் சொன்னதற்கு மேல் தெரியவில்லை. மதிப்பெண் குறைந்ததைவிட, குறைந்த மறுநாள் பிடிக்கும் இந்த அவசரம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது நமது கருத்து.

மதிப்பெண் என்பது என்ன?

மதிப்பெண்ணே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அதுதான் சாவி. கர்நாடகத்தில் பொறியியல் தர வரிசைக்குப் பாதி, சி.இ.டி. தேர்விலிருந்து வருகிறது. மறுபாதி, இரண்டாம் பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. ஆகவே மதிப்பெண் குறைந்தால் இழப்பு உண்டு. அதை மறைத்துப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் மதிப்பெண் பிள்ளையின் அறிவை அளக்கும் தராசும் அல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் 83.89 சதவீதம் பேர் தேறினார்கள். 2024இல் அது 73.40 சதவீதமாக இறங்கியது. அந்த ஆண்டு தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரடியாகக் கண்காணித்தார்கள். கருணை மதிப்பெண்ணை உயர்த்திக் கொடுத்த பிறகும் இந்த நிலை. இரண்டாம் பி.யூ.சி. முதல் தேர்விலும் 2024இல் 81.15 சதவீதமாக இருந்தது, 2025இல் 73.45 சதவீதமாயிற்று. ஓராண்டுக்குள் மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரும் மக்காகிவிட்டார்களா? இல்லை. தேர்வு நடத்தும் முறை மாறினாலும் வினாத்தாள் மாறினாலும் மதிப்பெண்ணும் மாறும்.

வந்த மதிப்பெண்ணே முடிந்த முடிவும் அல்ல. விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்க்கலாம். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். 2024 முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடக்கின்றன. தேறியவர்களும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள அடுத்த தேர்வை எழுதலாம். அதிகமாக வந்த மதிப்பெண் நிற்கும். கெடு நாட்கள் குறைவு. ஆகையால் ஏஜென்டைத் தேடி ஓடும் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது.

மூடிய கதவும் திறந்த கதவும்

குறைந்த மதிப்பெண் எந்தக் கதவை மூடுகிறது, எதை மூடவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுத வேண்டும். பொறியியலுக்கு மூன்று பாடங்களிலும் சேர்த்து 45 சதவீதம் போதும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கு 40. ஆனால் தகுதி வேறு, நல்ல கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. கணக்கில் தடுமாறுகிற பிள்ளையைப் பணம் கொடுத்துப் பொறியியலில் தள்ளினால், பி.யூ.சி.யில் தடுமாறிய அதே கணக்கு முதல் ஆண்டிலேயே மறுபடி எதிரில் வந்து நிற்கும். பாக்கி விழுந்த பாடங்களைச் சுமந்துகொண்டு ஆறு ஆண்டுகள் அலைந்தவர்களை நாம் அறிவோம்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் மதிப்பெண் குறைந்தவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, டி.சி.இ.டி. தேர்வு எழுதி, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பி.யூ.சி.யில் அறிவியல் படித்தவர்கள் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் அந்த வழி உண்டு. சுற்று வழிதான். ஆனால் கையும் தொழில் கற்றுக்கொள்ளும் வழி.

கணக்கு எழுதுவதில் ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு தேறினால் அதன் முதல் தேர்வை எழுதலாம். பள்ளியில் எடுத்த சதவீதத்தை அங்கே கேட்பதில்லை. ஆனால் அந்தத் தேர்வுகள் கடினமானவை. உட்கார்ந்து படிக்கிற பொறுமை இருந்தால் மட்டும் இறங்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த இடம் ரயில்வே. அதிலிருந்தும் ஒரு சான்று சொல்கிறோம். உதவி லோகோ பைலட் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி.யோடு குறிப்பிட்ட தொழில்களில் ஐ.டி.ஐ., அல்லது குறிப்பிட்ட டிப்ளமோ போதும். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். டிக்கெட் கிளார்க் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதம் கேட்கிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், மேற்படிப்பு உள்ளவர்களுக்கும் அந்த 50கூடக் கட்டாயமில்லை. இதை எழுதும் நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். நாம் சேர்ந்தபோது அது போதுமாக இருந்தது. இன்று அதே நாற்காலிக்கு அது போதாது. ஆகவே "நானும் பத்தாவதுதான், நீயும் சமாளித்துக்கொள்" என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டோம். படிக்கத்தான் வேண்டும். எதைப் படிப்பது என்பதே கேள்வி.

கைத்தொழில் கேவலமா?

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைப் பார்க்க வேண்டும். 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ. என்ற தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று பெங்களூரில் ஆலைகள் எழுந்தன. ஃபிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் அவற்றில் சேர்ந்த தமிழர்கள்தாம் அல்சூரிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

அந்தக் காலம் அப்படியே திரும்பி வரும் என்று நாம் ஏமாற்றவில்லை. எச்.எம்.டி. கைக்கடிகாரம் நின்றுபோயிற்று. கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இன்று தங்கவயல் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் விடியற்காலையில் ஏறி, பெங்களூருக்கு வந்து, இரவு திரும்புகிறார்கள். நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகிவிட்டது. ஐ.டி.ஐ. படித்த எல்லாருக்கும் ஆலை வேலை காத்திருக்கவில்லை. பொறியியல் படித்த எல்லாருக்கும் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. வேறுபாடு ஒன்றுதான்: ஒன்றில் கடன் குறைவு, மற்றொன்றில் வீட்டை அடகு வைக்கிறோம்.

பெங்களூர்த் தமிழர் கவனிக்க வேண்டியவை

இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இருக்கிற நமக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாட்டி வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று பிள்ளையைச் சேலத்துக்கும் தருமபுரிக்கும் அனுப்புகிறோம். பிறகு பி.யூ.சி.க்கு இங்கே கொண்டுவருகிறோம். சி.இ.டி. மூலம் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, பலருக்கும் பொருந்துகிற முதல் விதி இது: முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரை கர்நாடகத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யூ.சி. தேர்வை இங்கே தேறியிருக்க வேண்டும். பெற்றோர் இங்கே படித்திருந்தால் அதை வைத்துக் கேட்கும் வேறு பிரிவும் உண்டு. பள்ளிகளிலிருந்து படிப்புச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்க வேண்டும். கடைசி நாளில் சான்றிதழ் கிடைக்காமல் இடம் இழப்பது மதிப்பெண் குறைவால் அல்ல, நமது கவனக்குறைவால்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். இங்கே படித்த தமிழ்நாட்டுப் பூர்வீகத்தார் நேட்டிவிட்டி சான்றிதழோடு அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் தாத்தா காலத்திலேயே இங்கே குடியேறிவிட்டவர்கள் அந்தச் சான்றிதழ் எளிதாகக் கிடைத்துவிடும் என்று எண்ணி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி ஏஜென்ட் சங்கதி. நன்கொடை என்ற பெயரில் கட்டணத்துக்கு மேல் பணம் பிடுங்குவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 1984இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1992இல் வந்தது. சட்டம் இருக்கிறது, ரசீது இல்லாத பணமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஆணையிட்டிருக்கிறது. சரிபார்த்தவுடன் திருப்பிக் கேளுங்கள். கல்லூரிக்கும் படிப்புக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் நீங்களே விசாரியுங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற இரண்டு மாணவர்களைக் கேன்டீனில் பிடித்துப் பேசினால் விளம்பரத்தில் இல்லாத உண்மை தெரியும்.

மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மகனுக்கு அறுபது சதவீதம் வந்தால் கடன் வாங்கிக் கல்லூரி தேடுகிறோம். மகளுக்கு அதே அறுபது வந்தால் மாப்பிள்ளை தேடுகிறோம். இது நமது வீடுகளில் நடப்பதுதான். மறுப்பதற்கில்லை. இந்த நகரத்திலேயே மகாராணி கல்லூரி போன்ற அரசு மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. பி.காம். படித்தாலும் பி.எஸ்ஸி. படித்தாலும் அந்த மூன்று ஆண்டுகள் அவளுக்கு ஆயுள் முழுவதும் உதவும். மதிப்பெண் குறைந்தது திருமணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதற்குக் காரணம் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. முடிவு வந்த வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். ஒரு சொல்லைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி எழுதுகிறோம். அந்தச் செய்தியை எழுதும் கை நடுங்குகிறது. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு உதவி இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பெற்றோர்களுக்கு நமது வேண்டுகோள் சிறியது. பணம் கட்டுமுன் ஒரு மாலை நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். எந்தப் பாடம் பிடிக்கிறது, எது பயமாக இருக்கிறது, எந்த வேலையைச் செய்தால் நேரம் போவது தெரியவில்லை என்று கேளுங்கள். குடும்பத்தால் எவ்வளவு செலவு தாங்க முடியும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

கோயம்புத்தூருக்கு வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பிடிக்காத படிப்பில் போன நான்கு ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டர் எங்கும் இல்லை. "என்ன படிப்பு, தம்பி?" என்று கேட்டால், பதிலைப் பையனே சொல்ல வேண்டும்.