மழையைக் குற்றஞ்சாட்டுவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் மலையகத்தைச் சேர்ந்த இளம் புகைப்படப்பிடிப்பாளர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். மண்சரிவுச் செய்திக்காக மூன்று நாட்கள் மழையில் நின்று படமெடுத்தவர். திரும்பி வந்ததும் கமராவைப் பையோடு அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டும்படி பணிக்கப்பட்டார். அதுதான் அங்கு நடைமுறை. சில வாரங்களின் பின்னர் எடுத்துப் பார்த்தபோது வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலை போன்று வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. ‘கவனயீனம்’ என்று எழுதி, திருத்தச் செலவை அவரது சம்பளத்தில் கழிக்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது.

“சேர், மழைக்கு நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

“மழைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தம்பி. அந்த அலுமாரிக்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும்” என்றேன். அந்தப் பதிலைச் சற்று விரித்து எழுதுவதே இங்கு என் நோக்கம்.

கமராவைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே விழும் மழைத்துளியல்ல. துடைத்தால் அது போய்விடும். பைக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஈரமே அதனைத் தின்கிறது. சார்பு ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டிய இருளான, காற்றோட்டமற்ற இடத்தில் பூஞ்சணம் வளரும். அது வெளியேற்றும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். இழைகளைத் துடைத்தெடுக்கலாம், அரித்த தடத்தை அழிக்க முடியாது. கொழும்பிலும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளிலும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் இந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. இத்தகைய நாட்டில், நனைந்த கமராவைத் துணிப்பைக்குள் வைத்துப் பூட்டச் சொல்வது பூஞ்சணத்தைப் பயிரிடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்குப் பரிகாரமாக நம்மவர்கள் கூறும் முதல் வைத்தியம் அரிசி. நனைந்த கமராவை அரிசிக்குள் புதைத்து வை என்பார்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சுவது மிக மெதுவாக. அதன் தவிடும் மாவும் இடுக்குகளில் புகுந்து புதிய தொல்லையைத் தரும். நனைந்தால் உடனே நிறுத்தி, மின்கலத்தையும் நினைவக அட்டையையும் கழற்றி, துடைத்து, காற்றில் நன்கு உலர விடுவதே முறை. கடல்நீர் பட்டதாயின் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பைத் துடைக்க வேண்டும். உலர்ந்ததா என்று அறிய ஆளியை அழுத்திப் பார்ப்பவர், இருந்த உயிரையும் போக்கிவிடுவார்.

இரண்டாவது, விளம்பரத்தில் வைக்கும் நம்பிக்கை. ‘மழைக்குத் தாங்கும்’ என்று விற்பார்கள். நீர் புகுந்து பழுதானால் உத்தரவாதத்தில் அது பொதுவாக அடங்காது. கமரா தாங்கினாலும், பொருத்திய வில்லைக்கு இறப்பர் வளையம் இல்லையென்றால் அந்தக் காப்பு அரைகுறையே. நீண்டு சுருங்கும் சூம் வில்லைகள் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கின்றன.

மூன்றாவது தவறு நானும் பல தடவை செய்தது. குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் வெளியே கமராவை எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படிந்துவிடும். இறங்குவதற்கு முன்பே இறுக மூடிய பொலித்தீன் பையில் இட்டு, வெளி வெப்பத்துக்கு அது வரும்வரை பொறுத்துத் திறந்தால் போதும். ஈரம் பைக்கு வெளியேதான் படியும்.

இனி அந்த அலுமாரிக்கு வருவோம். தேவைப்படுவன மூன்றே பொருட்கள்: இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. ஈரப்பதன் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம். நீல நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கோபால்ற்றுக் குளோரைட்டு நச்சுத்தன்மையுடையது என்பதால், சமையல் பாத்திரத்தில் மட்டும் அதனை வறுக்கக் கூடாது. வசதியுள்ள அலுவலகம் ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் மின்சார அலுமாரி ஒன்றை வாங்கலாம். எப்படிப் பார்த்தாலும், பழுதடைந்த ஒரு வில்லையின் விலையில் இது சிறு பங்கே.

“எங்கள் காலத்தில் இவை எதுவுமில்லாமல் படமெடுக்கவில்லையா?” என்று என் வயதொத்த நண்பர்கள் கேட்பார்கள். எடுத்தோம். எடுத்தவற்றில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். நான் பெருமையோடு தோல் உறையில் பேணிய வில்லை, மட்டக்களப்பில் ஒரு மார்கழி மழைக்குப் பின்னர் மங்கிப்போனது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்று அப்போது எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. தகரப் பெட்டியில் இட்டு வைத்த நெகற்றிவ்களும் போயின; படச்சுருளின் ஜெலற்றின் பூசணத்துக்கு நல்ல உணவு. அந்தப் படங்களில் இருந்த முகங்கள் சிலவற்றுக்கு வேறு படமே கிடையாது. “சமாளித்தோம்” என்று நாம் பெருமைப்படும் கதையின் மறுபாதி இதுதான்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. அந்த மக்கள் எத்தகைய இடத்தில் குடியிருத்தப்பட்டிருந்தார்கள் என்பதை நாடு கண்ணால் கண்டது, அங்கு சென்றவர்கள் எடுத்த படங்களினால்தான். மண்சரிவும் வெள்ளமும் வெயிலில் வருவதில்லை. ஆகவே மழையில் படமெடுப்பது படப்பிடிப்பாளரின் அசட்டுத் துணிச்சலல்ல, அவருடைய வேலை. வேலைக்குரிய கருவியைப் பாதுகாக்கும் வசதியைச் செய்து கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. செய்தியாளனுக்கு மேசையும் தொலைபேசியும் கொடுக்கும் அலுவலகம், இவருக்கு ஒரு பெட்டி கொடுப்பதைச் சலுகை என்று எண்ணுவது எந்த நியாயம்?

அடுத்த மழையில் சம்பளம் வெட்டுப்படும் என்று அஞ்சும் படப்பிடிப்பாளர் என்ன செய்வார்? கமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, குடையின் கீழ் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். கமரா பத்திரமாக இருக்கும். அன்று நடந்ததற்குச் சாட்சிதான் இருக்காது.

நிர்வாகத்துக்கு எழுதுமாறு அந்தத் தம்பியிடம் கூறியிருக்கிறேன். கடிதத்தில் கவனயீனம் என்ற சொல்லை நீக்க வேண்டாம், அதற்கு முன்னால் ‘அலுவலகத்தின்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துவிடு என்றேன்.