டிரான்ஸ்மிட்டருக்கு வேண்டிய கைப்பயிற்சி

தூத்துக்குடியிலிருந்து 200 கிலோவாட் சக்தியுடன் கடல் கடந்து இலங்கையிலும் ஒலிக்கின்ற ஆகாசவாணியின் டிரான்ஸ்மிட்டரைப் போன்ற மகாயந்திரங்களைப் பராமரிக்கப் புகும் இளம் இன்ஜினியர்களுக்குப் புத்தக ஞானம் ஒன்றே போதும் என்று கருதுவது பெரும் பிசகாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கண்டென்சர்களில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடுமாதலால், எர்த் ராடினால் தொட்டு அதை வடித்த பிறகே உள்ளே கை வைக்கவேண்டும் என்று படித்தறிவது வேறு; அனுபவஸ்தர் ஒருவர் அருகில் நிற்க, அந்தக் கழியைத் தானே பிடித்துப் பழகுவது வேறு.

இக்காலத்து சாலிட் ஸ்டேட் யந்திரங்களில் பழுதான மாட்யூலைக் கழற்றி மாற்றினால் காரியம் முடிந்தது என்பர் சிலர். ஆனால் மாற்றிய மாட்யூலும் மறுநாளே எரிந்துபோனால், தோஷம் ஃபீடரிலா, ஆன்டெனாவிலா, பூமியில் புதைத்த செப்புக் கம்பிகளிலா என்று, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்த்து நிர்ணயிக்கும் விவேகம் கடையில் விலைக்குக் கிடைப்பதன்று.

புயலில் செல்போன் கோபுரங்கள் மௌனமாகும்போது, பாட்டரி ரேடியோவே பல கிராமங்களுக்குத் துணை. ஆகவே, வால்வு யுகத்தையும் கண்ட மூத்த இன்ஜினியர்கள் ஓய்வுபெறுமுன், புதியவர்களைச் சில மாதங்களேனும் டிரான்ஸ்மிட்டர் நிலையங்களிலேயே அவர்களுடன் பணிபுரியச் செய்வது சர்க்காரின் கடமை. அதற்காகும் செலவு வீண் செலவன்று.