பகிடிப் படம்தான், ஆனால் எங்கட கதை

"துவக்குத் தூக்கின றக்கூனும் நடக்கிற மரமும்... உதெல்லாம் ஒரு படமே?" 'கார்டியன்ஸ் ஒஃப் த கலக்ஸி' என்றால் எங்கட பெரியாக்கள் பலரின் தீர்ப்பு இதுதான். ஷ்லீரனிலும் பிள்ளைகள் அதை ஜெர்மனில் பார்த்துச் சிரிக்க, தாய் தகப்பன் மற்ற அறையில் சீரியல் பார்க்கும் வீடுகள் உண்டு. ஒருக்கா சேர்ந்திருந்து பாருங்கோ என்பதுதான் என் வேண்டுகோள்.

2014இல் ஜேம்ஸ் கன் இயக்கிய இந்த மார்வெல் படம் முழுக்கப் பகிடிதான். ஆனால் பகிடி விடுகிறவர்கள் யார்? பீட்டர் குயில், 1988இல் தாய் இறந்த இரவே பூமியிலிருந்து கடத்தப்பட்ட சிறுவன். கையில் மிஞ்சியது ஒரு வோக்மனும் தாய் பதிந்து குடுத்த பாட்டுக் கசெற்றும். அதே எண்பதுகளில் சுவிசுக்கு வந்திறங்கிய எங்கட ஆக்கள் பலருக்கும் கசெற்தான் ஊர். ட்ராக்ஸ், மனைவியையும் மகளையும் பறிகுடுத்தவன். கமோரா, பெற்றோரைக் கொன்றவனிடமே வளர்ந்தவள்.

நடிகர்களில் என் ஓட்டு டேவ் பட்டிஸ்டாவுக்கு. மல்யுத்த மேடையிலிருந்து வந்த மனிசன், உவமை விளங்காத ட்ராக்ஸாக முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கதைக்கிறார், சிரிப்புத் தாங்கேலாது. எங்கட வீடுகளிலும் இது நடக்கிறதுதானே. "தலைக்கு மேல வேலை" என்றால் இங்கு பிறந்த பிள்ளை அண்ணாந்து பார்க்கும்! கிறிஸ் பிராட் பகிடிக்குள் துக்கத்தை ஒளிக்கத் தெரிந்தவர். ஸோயி சல்டானாவுக்கு முதற்படத்தில் கிடைத்த வேலை காணாது. லீ பேஸின் வில்லன் கத்துவதோடு சரி.

குறை இன்னொன்றும் உண்டு. துக்கம் கிட்ட வந்தவுடன் ஒரு பகிடியைப் போட்டு ஓடிவிடுகிறார்கள். 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் இது கூடிப்போச்சு. 2023இல் வந்த மூன்றாம் பாகம்தான் றக்கூன் றொக்கற் ஆய்வுகூடத்தில் பட்ட வதையை நின்று சொன்னது. நாங்களும் அப்படித்தான். வந்த பாதையைப் பிள்ளைகள் கேட்டால் ஒரு பகிடி சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

குரூட் என்ற மரத்துக்குத் தெரிந்தது ஒரே வசனம்: "நான் குரூட்". வின் டீசல் அதைப் பல மொழிகளில் தானே பேசிப் பதிந்தார். றொக்கற்றுக்கு அந்த ஒரு வசனத்திலேயே எல்லாம் விளங்கும், கூடவே இருந்து பழகியதால். பிள்ளையின் அரைகுறைத் தமிழும் எங்கட அரைகுறை ஜெர்மனும் அவ்வளவு மோசமில்லை. கூட இருக்கத்தான் நேரமில்லை.

அந்தக் கசெற் திரையில் வரும்போது படத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நீங்கள் கொண்டுவந்த கசெற்றில் என்ன பாட்டு இருந்தது, யார் பதிந்து தந்தது என்று சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிள்ளை கேட்கும்.