வைத்தியரை அளப்பவர் யார்?

பரீட்சை மண்டபத்தில் எமது விடைத்தாளில் யாம் பெயரெழுதியதில்லை. சுட்டெண் மட்டுமே எழுதினோம். அதைத் திருத்தியவர் எம்மை அறியாதவர். எம்மீது ஆசிரியர் கொண்ட அன்போ சினமோ அத்தாளைத் தீண்டவில்லை. அந்த நீதி மலைநாட்டு வைத்தியத்துக்கும் எட்டவேண்டும் என்பதே இங்கு யாம் கூற விழைவது.

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைப் பொறுப்பிற் பெரும்பங்கைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. அதனால் மருந்து கொடுப்பவர் துரையின் சம்பளத்தில் வாழ்பவரானார். காய்ச்சலோடு வந்தவளுக்கு ஓய்வெழுதினால் பிரட்டில் ஓராள் குறையும். எழுதாவிடின் அவள் கூடையோடு மலையேற வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பின்னர்த் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றபோதிலும், பல தோட்டங்களில் வைத்திய உதவியாளர் இன்றும் நிருவாகத்தின் ஊழியரே. அவர் திறமையை நிருவாகமே அளக்குமாயின், செலவும் வேலைநாளுமே அளவுகோலாகிவிடும் அன்றோ?

அரசாங்க வைத்தியசாலையில் இடர் வேறு. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் ஒரு துறைக்குரிய வைத்தியர் சிலரே. இன்று ஒருவரை மதிப்பிடுபவர் நாளை அவரிடமே இரவுக் கடமையை மாற்றித் தருமாறு கேட்கவேண்டியவர். நட்புக் குறையை மறைக்கும். பகை குணத்தை மறைக்கும்.

ஆதலின், பெயர் நீக்கிய நோயாளர் குறிப்பேடுகள் சில, காலியிலோ மட்டக்களப்பிலோ அதே தொழில் புரியும் இருவரிடம் ஆண்டுதோறும் செல்லட்டும். இருவரும் தனித்தனியே தம் கருத்தை எழுதட்டும். மதிப்பிடப்படுபவர் மறுமொழி கூறவும் இடமிருக்கட்டும்.

இஃது இதுவரை எவரும் எண்ணாத எண்ணமன்று. சிகிச்சையின் முடிவைக் கொண்டே வைத்தியரை அளக்கவேண்டுமென வாதாடிய பொஸ்டன் நகரத்து ஏர்னெஸ்ட் கொட்மன் 1914இல் தம் வைத்தியசாலைப் பதவியைத் துறந்தார். இங்கிலாந்தில் தாய்மார் மரணங்களைப் பெயர் மறைத்து ஆராயும் முறை 1952இல் தொடங்கியது. நம் நாட்டிலும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழியாக அத்தகைய மரணங்களை நிபுணர் ஆராய்கின்றனர். தாய் இறந்தபின் செய்வதை, அவள் உயிரோடிருக்கையில் செய்தலாகாதா?

"காலியிலிருப்பவர் எம் மலையை அறிவாரோ?" என்பர் சிலர். நியாயமான வினாவே. மூடுபனியும், வளைந்த பாதையும், லொறியிற் கொண்டுசெல்லப்படும் நோயாளியும் குறிப்பேட்டிற் புலப்படா. ஆகவே நோயாளி புறப்பட்ட நேரமும், வாகனம் வந்த நேரமும், கையிருப்பிலிருந்த மருந்தும் அதில் எழுதப்படவேண்டும். மதிப்பிடுபவரும் ஒருமுறையேனும் அப்பாதையில் நடந்து பார்த்தல் நன்று. அவ்வாறு செய்யின், வாகனம் வராத குற்றம் வைத்தியர் தலையில் விழாது. வைத்தியரின் கவனக்குறைவும் வாகனத்தின்மேற் சாட்டப்படாது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம்மவர் பழமொழி. எம் கல்லூரியின் மைந்தருள் வைத்தியராயினோர் பிறர் பார்வைக்கு முதலில் தம் குறிப்பேட்டைத் திறந்துகாட்ட முன்வருவாராயின், கல்லூரித்தாய்க்கு இவ்விழாவில் அதனினும் உயர்ந்த காணிக்கை வேறில்லை.