'கேன்சல்' பட்டனை எங்கே ஒளிச்சு வச்சிருக்காங்க?

மாசக் கடைசி. மெஸ் பில், ஜெராக்ஸ், பஸ் பாஸ் எல்லாம் போக அக்கவுன்ட்ல மிச்சம் 640 ரூபாய். ராத்திரி பத்து மணிக்கு மேல போன் ஒரு தடவை 'டிங்'குது. ரூ.499 டெபிட்! யாருக்குப் போச்சு, எதுக்குப் போச்சு... ஒண்ணும் விளங்காது. ரொம்ப நேரம் மண்டையைப் போட்டு உடைச்ச பிறகுதான் ஞாபகம் வரும். மூணு மாசம் முன்னாடி, ஒரு குட்டி சீரியலோட 18வது எபிசோட் பார்க்கிறதுக்காக '1 ரூபாய்க்கு 7 நாள் ட்ரையல்'னு ஒண்ணு தட்டினோமே... அதான்!

இந்த 1 ரூபாய் மேட்டரை முதல்ல பார்த்துடுவோம். அந்த 1 ரூபாய்க்கு நீங்க யுபிஐ பின் போடுறீங்க இல்லையா, அங்கே போறது வெறும் 1 ரூபாய் பேமென்ட் இல்லை. அதுக்குப் பேர் 'மேண்டேட்'. அதாவது, "இனிமே நீயே எடுத்துக்கப்பா"ன்னு எழுதிக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு. பின் போடுற பக்கத்துல '1 ரூபாய்' பெருசா இருக்கும். அதுக்குக் கீழே எறும்பு சைஸ்ல 'அதிகபட்சம் இத்தனை ரூபாய் வரை, இத்தனை நாளைக்கு ஒரு தடவை'ன்னு ஒரு வரி இருக்கும். எக்ஸாம் ஹால்ல பக்கத்து பேப்பரை எவ்வளவு கவனமா பார்ப்போமோ, அந்தக் கவனத்தை இந்த வரி மேல வைக்கணும் பாஸ்!

இதுல நிறைய பேர் நம்புற ஒரு பெரிய மூடநம்பிக்கை இருக்கு. 'ஆப்பை அன்-இன்ஸ்டால் பண்ணிட்டேன், கதை முடிஞ்சுது'. ஊஹூம். வாடகை வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டா வாடகை நின்னுடுமா? காலி பண்றேன்னு ஓனர்கிட்ட சொல்லணும்ல! கூகுள் ப்ளே வழியா சேர்ந்திருந்தா ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தட்டி 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்' போகணும். ஐபோன்னா செட்டிங்ஸ்ல உங்க பேரைத் தட்டினா 'சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்'. யுபிஐ வழியா கொடுத்திருந்தா, உங்க யுபிஐ ஆப்ல ப்ரொஃபைல் பக்கத்துல 'ஆட்டோபே'ன்னு ஒரு மூலை இருக்கும். ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்க. யார் யாரெல்லாம் உங்க பர்ஸ்ல கையை விட்டுட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு ஷாக் ஆகிடுவீங்க!

'அக்கவுன்ட்ல காசே இல்லைன்னா என்ன பண்ணுவாங்க?'ன்னு பின் பெஞ்ச்ல ஒரு குரல் கேட்குது. நல்ல ஐடியாதான். ஆனா 2025 ஆகஸ்ட்ல இருந்து யுபிஐ ஆட்டோபேக்கு வந்த விதிப்படி, ஒரு முயற்சி தோத்தா இன்னும் மூணு தடவை மறுபடி முயற்சி பண்ணலாம். நாலாவது முயற்சி வர்ற நேரம் பார்த்து அம்மா உங்களுக்கு மெஸ் காசு அனுப்பி வச்சிருந்தா? அதுவும் ஸ்வாஹா!

சரி, கேன்சல் பண்ண முடிவு பண்ணியாச்சு. இனிதான் தமாஷ். சேர்றதுக்கு ஒரே பட்டன், பச்சைக் கலர்ல, பூசணிக்காய் சைஸ்ல. விலகுறதுக்கு? செட்டிங்ஸ், அதுக்குள்ள அக்கவுன்ட், அதுக்குள்ள ப்ளான், அதுக்குள்ள 'மேனேஜ்'. அங்கே போனா 'நிஜமாவே போறீங்களா?'. ஆமான்னா 'ஏன் போறீங்க?'ன்னு எட்டு ஆப்ஷன். அப்புறம் 'பாதி விலைக்குத் தர்றோம், இருங்களேன்'. கடைசியா ரெண்டு பட்டன். பளிச்சுன்னு 'இருக்கிறேன்'. பக்கத்துல மங்கலா 'வேண்டாம், சலுகையை இழக்கவே விரும்புகிறேன்'. பொண்ணு பார்க்கப் போன இடத்துல 'பிடிக்கலை'ன்னு சொல்றதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லை!

இது நம்மூர் ஆப் கம்பெனிகளோட கண்டுபிடிப்பு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமேசான் பிரைம் விஷயத்துல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேடு கமிஷன் 2023 ஜூன்ல ஒரு கேஸ் போட்டது. சேர ஒண்ணு ரெண்டு க்ளிக் போதும். விலக நாலு பக்கம், ஆறு க்ளிக், 15 ஆப்ஷன் தாண்டணும்னு அதுல குற்றச்சாட்டு. அந்த விலகுற பாதைக்கு கம்பெனிக்குள்ளேயே வச்சிருந்த பேர் 'இலியட்'னும் கேஸ் சொன்னது. ட்ரோஜன் யுத்தத்தைப் பாடுற ஹோமரோட நீ...ண்ட காவியம்! நம்மூர்க்காரன் பேர் வச்சிருந்தா 'கன்னித்தீவு'ன்னு வச்சிருப்பான். 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் ஆச்சு. அதுல 150 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. தப்பு பண்ணினோம்னு மட்டும் கம்பெனி ஒத்துக்கலை. ஜெர்மனிக்காரங்க இன்னும் சிம்பிள். 2022 ஜூலை 1லேருந்து, ஆன்லைன்ல சந்தாவுக்குச் சேர்க்கிற சைட்ல விலகுறதுக்கும் ஒரு பட்டன் கட்டாயம்னு சட்டமே போட்டுட்டாங்க.

நம்ம நாட்டுலயும் சும்மா இல்லை. 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 'டார்க் பேட்டர்ன்' வேலைகள் 13ஐப் பட்டியல் போட்டு, கூடாதுன்னு சொல்லியாச்சு. கேன்சலை ஒளிச்சு வைக்கிறதும், ஃப்ரீ ட்ரையலுக்கே ஆட்டோ டெபிட் விவரத்தைப் பிடுங்குறதும் அதுல 'சப்ஸ்க்ரிப்ஷன் ட்ராப்'ங்கிற பேர்ல இருக்கு. மனசைக் குத்துற அந்த மங்கலான பட்டனுக்கும் பேர் இருக்கு: 'கன்ஃபர்ம் ஷேமிங்'. கஸ்டமர் கேருக்கு எழுதும்போது இந்த ரெண்டு வார்த்தையையும் போட்டுப் பாருங்க. பதில் எழுதுற தொனியே மாறும்.

ரிசர்வ் பேங்க் விதி ஒண்ணும் நமக்கு சாதகமா இருக்கு. 2021 அக்டோபர்லேருந்து கறாரா அமலுக்கு வந்தது. மாசாமாசம் காசு எடுக்கிறவங்க, எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். எவ்வளவு, யாருக்கு, என்னைக்குன்னு அதுல இருக்கணும். அப்பவே வேண்டாம்னு நிறுத்திக்கிற வசதியும் உண்டு. மெட்ரோ கார்டு, ஃபாஸ்டேக் ரீசார்ஜுக்கு மட்டும் இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனா நாம என்ன பண்றோம்? எஸ்.எம்.எஸ்.னாலே விளம்பரம்னு 1,400 மெசேஜைப் படிக்காம குவிச்சு வச்சிருக்கோம். ஓ.டி.பி. வந்தா மட்டும்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது!

பில் தகராறு தனிக் கதை. 'கேன்சல் பண்ணின பிறகும் 299 எடுத்திருக்கீங்களே, அந்த 299 எங்கே?'ன்னு கேட்டா, 'சார், உங்க ப்ளான் 299தான் சார்'னு பதில் வரும். 'ப்ளானையே கேன்சல் பண்ணிட்டேன்மா'. 'ஆமா சார், கேன்சல் ஆகியிருக்கு சார்'. 'அப்ப காசு?' 'ப்ளானுக்கு எடுத்தது சார்'. 1989ல 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியில கவுண்டமணி பட்ட பாடு இருக்கே, அதேதான்! என்ன, இங்கே செந்தில் ரொம்ப மரியாதையா பேசுறார். ஓங்கி அறையவும் முடியாது.

அதனால போன்ல மல்லுக்கட்டாதீங்க. எழுத்துல கேளுங்க. மெயில் நாலே வரி போதும். என்னைக்குக் கேன்சல் பண்ணினேன், என்னைக்கு எவ்வளவு எடுத்தீங்க, யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் (12 இலக்கம் இருக்கும்), எத்தனை நாளுக்குள்ள திரும்ப வேணும். கோபம், கெட்ட வார்த்தை, கண்ணீர் எதுவும் வேண்டாம். கேன்சல் ஆனதும் வர்ற பக்கத்தை, தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அது பில் மாதிரி.

இதுவரைக்கும் சொன்னது 300, 500 ரூபாய் விவகாரம். இப்ப கொஞ்சம் சீரியஸ். எங்க ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தன். அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். ஆன்லைன்ல 'டேட்டா சயின்ஸ்' கோர்ஸ், 60,000 ரூபாய். 'மாசம் 5,000 கட்டினா போதும் தம்பி, பிடிக்கலைன்னா ஏழு நாள்ல நிறுத்திக்கலாம்'னு கவுன்சிலர் போன்ல தேனா பேசினார். அப்பாவோட பான் நம்பர், ஆதார் ஓ.டி.பி. எல்லாம் வாங்கினாங்க. வகுப்பு ரெண்டு நாள்லயே புரிஞ்சுபோச்சு, யூட்யூப்ல ஃப்ரீயா கிடைக்கிற சரக்கு. அஞ்சாவது நாள் 'நிறுத்திக்கிறேன்'னு மெயில் போட்டான். 'எங்க மென்டர் உங்ககிட்ட பேசுவார்'னாங்க. பேசினார். மறுநாள் 'சீனியர் மென்டர் பேசுவார்'. அவரும் பேசினார். ஒன்பதாவது நாள் பதில் வந்தது: 'ஏழு நாள் முடிஞ்சுடுச்சு'.

ஆத்திரத்துல ஆட்டோ டெபிட்டை நிறுத்திடலாம்னு கிளம்பிட்டான். நல்லவேளை, ரூம்மேட் தடுத்தான். ஏன்னா அது சந்தாவே இல்லை. அப்பா பேர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில எடுத்த கடன்! கோர்ஸ் கம்பெனி மொத்தக் காசையும் முன்னாடியே வாங்கிடுச்சு. மாசம் 5,000ங்கிறது ஃபீஸ் இல்லை, இ.எம்.ஐ. சினிமா ஆப்போட மேண்டேட்டை ரத்து பண்ணினா படம் நிக்கும், அவ்வளவுதான். கடனோட மேண்டேட்டை ரத்து பண்ணினா பவுன்ஸ் சார்ஜ், வசூல் ஆட்கள் போன், அப்பாவோட கிரெடிட் ஸ்கோர்ல கறை. நாளைக்கு தங்கச்சி படிப்புக்கு லோன் கேட்டுப் போனா அந்தக் கறைதான் முதல்ல தெரியும். இந்த வித்தியாசம் தெரியாம மாட்டிக்கிட்ட குடும்பங்கள் நிறைய.

அவன் செஞ்சது என்ன? அஞ்சாவது நாள் மெயில் கையில இருந்தது. அதான் அவனோட துருப்புச்சீட்டு. அதை வச்சு கோர்ஸ் கம்பெனிக்கும், கடன் கொடுத்த கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கும் ஒரே நாள்ல புகார். 1915ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு. 30 நாள்ல கடன் கம்பெனி சரியா பதில் சொல்லலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போவோம்னும் எழுதினான். கடன் அப்பா பேர்லங்கிறதால எல்லா லெட்டரும் அப்பா பேர்ல. மனுஷன் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ஒவ்வொண்ணையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் அனுப்பச் சொன்னாராம். ரெண்டரை மாசம் இழுத்தாங்க. கடைசியில கடனை க்ளோஸ் பண்ணிக் கொடுத்தாங்க. கட்டின ரெண்டு தவணையில ஒண்ணுதான் திரும்ப வந்தது. இன்னொண்ணை 'ப்ராசஸிங்'னு பிடிச்சுக்கிட்டாங்க. நியாயமான்னு கேட்டா, இல்லை. அதுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் போகலாம்னு அவன் சொன்னதுக்கு, 'போதும்ப்பா, எக்ஸாமைப் பாரு'ன்னுட்டாராம் அப்பா.

போயிருந்தாலும் தப்பில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரத்துக்கு மனுக் கட்டணமே கிடையாது. கம்பெனி பெங்களூருல இருந்தா என்ன, குர்கான்ல இருந்தா என்ன... 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம்.

கடன் எடுக்கிற ஸ்டேஜ்ல யாராவது இருந்தா ஒரு வார்த்தை. டிஜிட்டல் கடனுக்கு 'கூலிங் ஆஃப்' நாட்கள் உண்டு. அந்த நாட்களுக்குள்ள அசலையும், அதுவரைக்கான வட்டியையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளியே வந்துடலாம். எத்தனை நாள்ங்கிறது 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்'ங்கிற பேப்பர்ல இருக்கும். அந்தப் பேப்பரைத் தராம ஓ.டி.பி. மட்டும் கேட்டா, தராதீங்க. அப்பா பேர்ல கடன் க்ளோஸ் ஆயிடுச்சான்னும் செக் பண்ணிக்கலாம். வருஷத்துக்கு ஒரு முழு கிரெடிட் ரிப்போர்ட் இலவசம். அதுல தப்பு இருந்து புகார் கொடுத்தா, 30 நாள் தாண்டினதும் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடுன்னு 2024 ஏப்ரல்லேருந்து விதி.

போன்ல நீங்க கேட்காமலே காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் அலர்ட்னு பேலன்ஸ் கரையுதா? 155223. இலவச நம்பர். ஊர்ல பட்டன் போன் வச்சிருக்கிற தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுங்க. அவருக்குத்தான் ஜோசியம் அதிகமா வருது.

எல்லாம் முடிஞ்சு, வெற்றிகரமா கேன்சலும் பண்ணிட்டீங்கன்னு வைங்க. மறுநாள் காலையில ஒரு மெசேஜ் வரும் பாருங்க... 'உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! இதோ உங்களுக்காக மட்டும், 1 ரூபாய்க்கு 7 நாள்!'